பரங்கிமலைப் பாறைக்குக் கல்கத்தாக் கல்லறையின் பெயர்: ‘சார்னோக்கைட்’ என்ற சொல் பிறந்த விதம்

சென்னையில் பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் எந்தப் பாறையால் ஆனவையோ, அந்தப் பாறைக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். நார்வேயிலும் உகாண்டாவிலும் அண்டார்டிக்காவிலும் இதே வகைப் பாறையைப் பார்ப்பவர்கள் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். 1975-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பரங்கிமலையில் உள்ள இந்தப் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்தது. அறிவியலுக்கு இந்தப் பாறையின் முதல் ஊர் இதுதான் என்பதற்கான அங்கீகாரம் அது.

ஆனால் பெயரில் பரங்கிமலையும் இல்லை, பல்லாவரமும் இல்லை. சார்னோக் என்றொரு புவியியலாளர் இதைக் கண்டுபிடித்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஒரு புவியியலாளர் கிடையாது. ஜோப் சார்னோக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள முகவர். பாறை ஆராய்ச்சிக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர் இறந்த பிறகு அவருடைய கல்லறையில் ஒரு கல் வைத்தார்கள். அந்தக் கல்லின் வழியாகத்தான் அவர் பெயர் அறிவியலுக்குள் நுழைந்தது. ஓர் அறிவியல் சொல் எந்த ஊரில் பிறக்கிறது என்பதைப் பொருள் கிடைக்கும் இடம் முடிவு செய்வதில்லை, அதை உற்றுப் பார்க்கும் ஆள் இருக்கும் இடமே முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கல்லறைக்கு உரியவர்

1688-இன் கடைசியில் முகலாய அரசுடன் ஏற்பட்ட மோதலால் ஆங்கிலேயர்கள் வங்காளத்தை விட்டு வெளியேறினார்கள். 1689 மார்ச்சில் சார்னோக்கும் மற்றவர்களும் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் எலிஹு யேல். அந்த ஆண்டு ஆகஸ்டில் சார்னோக்கின் மூன்று பெண் பிள்ளைகளுக்கும் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. மேரி, எலிசபெத், கேத்தரின் என்பவை அவர்களுடைய பெயர்கள். ஆக, சார்னோக் சென்னையில் ஓராண்டுக்கும் மேல் குடும்பத்தோடு இருந்தவர். அந்தக் காலத்தில் பல்லாவரம் குன்றுகளை அவர் பார்த்திருக்கலாம். ஆனால் பெயர் வந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை.

1690 ஆகஸ்ட் 24-இல் அவர் ஹூக்ளி ஆற்றங்கரையில், பின்னாளில் கல்கத்தாவின் பகுதியான சுதாநுட்டிக்குத் திரும்பினார். சில ஆண்டுகளிலேயே அங்கே இறந்தும் போனார். அவருடைய கல்லறைக் கல்வெட்டில் உள்ள தேதி 1692 ஜனவரி 10. பல இடங்களில் அதை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-இல் தொடங்கியதால், அந்த ஜனவரி நம் கணக்கில் 1693. கல்வெட்டை வைத்துக் காலம் கணிப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

அவருடைய மருமகன் சார்லஸ் ஐயர், மேரியின் கணவர், மாமனாருக்கு எண்கோண வடிவில் ஒரு கல்லறை மண்டபம் எழுப்பினார். கொல்கத்தாவின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் அது இன்றும் நிற்கிறது. தேவாலயம் 1787-இல் திறக்கப்பட்டது. மண்டபம் அதற்கு ஏறத்தாழ நூறாண்டு மூத்தது.

கொல்கத்தா ஆற்று வண்டலின் மேல் உட்கார்ந்திருக்கும் நகரம். தோண்டினால் களிமண்ணும் மணலும்தான் வரும். செங்கல் சுட்டுக்கொள்ளலாம், ஆனால் எழுத்து வெட்டி நூறாண்டு நிற்கும் பலகைக்கல் வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் வர வேண்டும். சென்னையில் கோட்டையிலிருந்து சிறிது தூரத்திலேயே கல் மலையாகக் கிடந்தது. அதை வெட்டித் தேய்த்துப் பழகிய கைகளும் இருந்தன. பல்லாவரத்தில் 7-ஆம் நூற்றாண்டிலேயே மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து ஒரு குகைக்கோயில் எடுத்திருக்கிறான். அது இப்போது தர்காவாக இருக்கிறது. இரண்டு துறைமுகங்களுக்கும் நடுவே கம்பெனிக் கப்பல்கள் போய்வந்துகொண்டிருந்தன. சார்லஸ் ஐயர் வைத்த கல் அந்தக் கடல் வழியாகத்தான் வடக்கே போனது.

அந்தக் கல்லில் பொறித்திருக்கும் லத்தீன் வாசகத்தில் நம் ஆய்வுக்கு மிக முக்கியமான ஒரு சொல் இருக்கிறது. ‘சுப் ஹோக் மார்மோரே’ என்கிறது கல்வெட்டு. ‘இந்தப் பளிங்கின் கீழே’ சார்னோக் தம் உடலை விட்டுச் சென்றார் என்று பொருள். அது பளிங்கு இல்லை. பளிங்கு சுண்ணாம்புக்கல்லிலிருந்து உருமாறுவது, அமிலம் பட்டால் நுரைக்கும். பல்லாவரம் கல்லில் அமிலத்தை ஊற்றினால் ஒன்றும் ஆகாது. எழுதியவர் ஏமாற்றவில்லை. லத்தீன் கல்லறை வாசகங்களில் மெருகேற்றிய எந்தக் கல்லையும் ‘மார்மோர்’ என்று சொல்வது மரபு. ஆனாலும் இந்தப் பாறைக்கு எழுத்தில் கிடைத்த பெயர்களில் நமக்குத் தெரிந்த பழைய பெயர், அதன் உடம்பிலேயே வெட்டப்பட்ட பெயர், தவறான பெயர்.

நுண்ணோக்கியின் கீழே

அடுத்த இருநூறு ஆண்டுகள் அதைப் பற்றிப் புவியியல் நோக்கில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. கட்டடக்காரர்களுக்கு அது கிரானைட், நம் கொத்தனார்களுக்குக் கருங்கல். 19-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவை அளந்த புவியியலாளர்கள் நீலகிரி, சேர்வராயன் மலைகளில் இதே பாறையைப் பார்த்து ‘மலை நைஸ்’, ‘நீலகிரி நைஸ்’ என்று வரி வரியாய் அமைந்த பழம்பாறைகளின் கணக்கில் சேர்த்தார்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது உலகப் புகழ் பெற்ற நிகழ்ச்சி. அந்தக் கருவி குவார்ட்சைட் கல்லால் ஆனது. சுற்றிலும் நின்ற குன்றுகளின் பாறைக்குத் தனிப்பெயர் வேண்டும் என்ற கேள்வி அப்போது எழவில்லை. கண்ணால் மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி எழுவதும் கடினம்.

புதிதாக உடைத்த ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாதாரண கிரானைட்டில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டிய ஃபெல்ஸ்பார் இதில் பச்சை கலந்த பழுப்பில் இருக்கும். நிறமற்றிருக்க வேண்டிய குவார்ட்ஸ் நீலம் பாய்ந்திருக்கும். மொத்தத்தில் எண்ணெய் தடவித் துடைத்ததுபோல ஒரு மினுக்கு. வெயிலும் மழையும் பட்ட மேல்தோல் மட்டும் வெளுத்துப் பழுப்பாகியிருக்கும். அதனால் தூரத்திலிருந்து பார்ப்பவர் இதன் உண்மை நிறத்தைக் காண்பதே இல்லை. சுத்தியலால் உடைத்தவருக்குத்தான் அது தெரியும்.

தாமஸ் ஹென்றி ஹாலண்ட் 1890-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1868-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தவர். அவர் கற்ற பாறையியல் புதுத் தலைமுறையைச் சேர்ந்தது. பாறையைச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, முனைவாக்கிய ஒளியில் நுண்ணோக்கியால் பார்க்கும் முறை அது. அந்தத் தடிமனில் கருங்கல்லும் ஒளியை ஊடுருவ விடும். பல்லாவரம் கல்லின் சீவலில் குவார்ட்ஸும் மைக்ரோக்ளின் என்ற ஃபெல்ஸ்பாரும் தெரியும். கிரானைட்டில் எதிர்பார்ப்பவைதான். நடுவே ஒரு கனிமம், நுண்ணோக்கியின் மேடையைத் திருப்பத் திருப்ப, வெளிர்ச் சிவப்பிலிருந்து வெளிர்ப் பச்சைக்கு மாறும். அது ஹைப்பர்ஸ்தீன். கிரானைட்டில் அந்த இடத்தில் கருப்பு மைக்காவோ ஹார்ன்பிளெண்டோ இருக்க வேண்டும். இரண்டும் தண்ணீரைத் தம் அமைப்புக்குள் வைத்திருக்கும் கனிமங்கள். ஹைப்பர்ஸ்தீனில் தண்ணீர் கிடையாது. கிரானைட்டின் உடம்பில் வறண்ட கனிமம் ஒன்று வந்து அமர்ந்திருப்பதுதான் இந்தப் பாறையின் தனித்தன்மை. சிவப்பும் பச்சையுமாய் நிறம் மாறும் அந்த ஒரு மணியைக் கண்டால் பாறையை அடையாளம் கண்டது போலத்தான்.

ஹாலண்டின் அலுவலகம் கல்கத்தாவில் இருந்தது. சார்னோக் கல்லறை இருந்ததும் அதே நகரத்தில். 1893-இல், சார்னோக் இறந்து சரியாக இருநூறு ஆண்டு ஆனபோது, வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அந்தக் கல்லறைக்கல்லின் பாறையியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கல் எங்கிருந்து வந்தது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. சென்னைப் பகுதிப் பாறை அது என்பதை அறிந்தே எழுதினார். இது புதுவகைப் பாறை, ஏற்கெனவே உள்ள எந்தப் பெயரும் பொருந்தவில்லை, ஆகவே கல்கத்தாவை நிறுவியவரின் நினைவாக சார்னோக்கைட் என்று வைக்கலாம் என்று முன்மொழிந்தார். தம்மை அறியாமலே இந்தப் பாறையின் முதல் மாதிரியை அன்றைய தலைநகரான கல்கத்தாவுக்குக் கொண்டுவரக் காரணமாக இருந்தவர் சார்னோக் என்பது அவர் சொன்ன நியாயம். ‘ஒருவேளை’ முதல் மாதிரி என்று ஒரு தயக்கத்தையும் சேர்த்தே எழுதினார்.

பெயரின் தைப்பு

சொல்லின் வால்பகுதியான ‘-ஐட்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘இதைச் சேர்ந்தது’ என்று பொருள் தரும் ‘-ஈட்டேஸ்’ என்ற ஈறு, கல்லைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்து நின்றது. ரத்தம் போன்ற கல் ஹேமடைட் ஆனது அப்படித்தான். கிரானைட் என்ற சொல்லிலும் அதே ஈறு இருப்பதாகத் தோன்றும், ஆனால் இல்லை. அது இத்தாலிய ‘கிரனீத்தோ’, மணிமணியானது என்று பொருள், லத்தீன் ‘கிரானும்’ என்ற தானியச் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒத்துப்போனதால் இரண்டும் ஒரே குடும்பம்போல ஆகிவிட்டன.

மனிதர் பெயரோடு இந்த ஈற்றை ஒட்டும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. அப்படிப் பெயர் பெற்ற முதல் கனிமங்களில் ஒன்று பிரெனைட். ஜெர்மானியப் புவியியலாளர் வெர்னர் வைத்த பெயர். பிரென் என்ற படைத்தளபதி தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து மாதிரியை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர். ஹாலண்ட் சார்னோக்கைத் தேர்ந்தெடுத்தபோது இந்த மரபையே பின்பற்றினார் என்று நான் கருதுகிறேன். கண்டுபிடித்தவருக்கு அல்ல, மாதிரியைக் கொண்டுவந்தவருக்கு மரியாதை. பிரென் தெரிந்து கொண்டுவந்தார், சார்னோக் இறந்த பிறகு அவருக்காகக் கொண்டுவரப்பட்டது. ‘தம்மை அறியாமலே’ என்ற ஹாலண்டின் சொல் இந்த வேறுபாட்டை அவர் உணர்ந்திருந்ததைக் காட்டுகிறது.

தமிழ் ஊர்ப்பெயரை ஆங்கிலேய அதிகாரி ஒதுக்கிவிட்டார் என்று ஒரு வருத்தம் இங்கே எழலாம். எனக்கும் பல்லாவரத்தின் பெயர் அந்தச் சொல்லில் இருந்திருக்கலாமே என்ற ஆசை உண்டு. ஆனால் சான்று அந்தக் குற்றச்சாட்டை ஆதரிக்கவில்லை. இதே ஹாலண்ட் 1901-இல் காங்கேயம் அருகே சிவன்மலையில் கிடைக்கும் அரிய சையனைட் (syenite) பாறைகளை விவரித்தபோது, அவற்றுக்குச் ‘சிவமலை வரிசை’ என்று ஊரின் பெயரைத்தான் வைத்தார். அந்தப் பாறைகளில் சில, கொரண்டம் என்ற கனிமம் கலந்தவை. கொரண்டம் என்ற சொல்லே குருந்தம் என்ற நம் சொல்லிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. ஆகவே மலையின் பெயரும் தமிழ், கனிமத்தின் பெயரும் தமிழ், இரண்டையும் தயங்காமல் எழுதிய கை ஹாலண்டுடையது. சிவன்மலைப் பாறையை அவர் சிவன்மலைப் பாறையாகவே விவரித்தார். சார்னோக்கைட்டுக்குப் பெயர் வைத்தபோது அவர் விவரித்துக்கொண்டிருந்தது ஒரு கல்லறைக்கல்லை. பெயர் வேறுபட்டதற்கு இதுவே எனக்குப் போதுமான விளக்கமாகப் படுகிறது.

‘கல்கத்தாவை நிறுவியவர்’ என்ற அடைமொழிதான் பிற்காலத்தில் நிற்கவில்லை. சுதாநுட்டி, கோவிந்தபூர், கலிகாதா ஆகிய ஊர்கள் சார்னோக் வருவதற்கு முன்பே இருந்தவை. 2003-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சார்னோக்கை நகரின் நிறுவனர் என்று கொள்ள முடியாது என்றும், ஆகஸ்ட் 24-ஐ நகரின் பிறந்தநாளாகக் கொள்ள முடியாது என்றும் தீர்ப்பளித்தது. பெயருக்குச் சொன்ன இரண்டு நியாயங்களில் முதலாவது இவ்வாறு போயிற்று. இரண்டாவது நியாயமான கல், மண்டபத்திலேயே இருக்கிறது.

கட்டுக்கடங்காத சொல்

1900-இல் ஹாலண்ட் ஆய்வுத் துறையின் பெருந்தொகுதிகளில் ஒன்றாகத் தென்னிந்திய சார்னோக்கைட் வரிசையைப் பற்றி விரிவாக எழுதினார். பரங்கிமலை, பல்லாவரம், சேர்வராயன், நீலகிரி, பழனி என்று பல இடத்துப் பாறைகளையும் சேர்த்து, சிலிக்கா மிகுந்தது முதல் மிகக் குறைந்தது வரை எல்லாம் ஒரே பாறைக்குழம்பிலிருந்து (மாக்மா) வந்த ஒரு குடும்பம் என்றார். அங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. வேறு நாடுகளில் ஹைப்பர்ஸ்தீன் கலந்த கிரானைட் எது கிடைத்தாலும் அதற்கெல்லாம் வைப்பதற்காக இந்தப் பெயர் உண்டாக்கப்படவில்லை என்று அவர் தெளிவாகவே சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு நிலப்பகுதிப் பாறைகளின் குடும்பப் பெயர்.

உலகம் அதைக் கேட்கவில்லை. 1935-இல் உகாண்டாவின் சார்னோக்கைட் வரிசை என்று குரோவ்ஸ் என்ற ஆய்வாளர் எழுதினார். 1936-இல் டில்லி என்ற ஆய்வாளர் அண்டார்டிக்காவின் எண்டர்பி நிலத்துப் பாறைக்கு எண்டர்பைட் என்று பெயரிட்டு, சார்னோக்கைட் வரிசையின் புது உறுப்பினர் என்று அறிமுகப்படுத்தினார். எண்டர்பி என்பது லண்டனில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வைத்திருந்த குடும்பத்தின் பெயர். அங்கேயும் பாறைக்குத் தொடர்பில்லாத ஒரு வணிகரின் பெயர், நிலத்தின் வழியாகப் பாறைக்குப் போயிற்று. நார்வேயின் மாங்கெர் என்ற ஊர் தந்த மாங்கெரைட்டும் இன்று இந்தக் குடும்பத்தில்தான் வைத்து எண்ணப்படுகிறது. இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் சார்னோக்கைட் பரந்து கிடக்கிறது. தென்னிந்தியாவும் இலங்கையும் அண்டார்டிக்காவும் ஒரு காலத்தில் கோண்ட்வானா என்ற பழம்பெருங்கண்டத்தில் ஒட்டிக்கிடந்தவை என்பதால் இந்த உறவு நில வரலாற்றோடும் ஒத்துப்போகிறது. பன்னாட்டு வகைப்பாட்டில் இன்று சார்னோக்கைட் என்றால் ஆர்த்தோபைராக்ஸீன் (ஹைப்பர்ஸ்தீன் அடங்கும் கனிமக் குழு) உள்ள கிரானைட், எந்த நாட்டில் இருந்தாலும் சரி.

ஹைப்பர்ஸ்தீன் என்ற சொல்லுக்கு நேர்ந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். ‘மிகை வலிமை’ என்ற கிரேக்கப் பொருளில் பிரெஞ்சு அறிஞர் ஹாய் வைத்த பெயர் அது. ஹார்ன்பிளெண்டைவிடக் கடினமானது என்பது காரணம். 1988-இல் பைராக்ஸீன் கனிமங்களின் பெயர்களைச் சீர்செய்த பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் ஹைப்பர்ஸ்தீனைத் தனிக் கனிமப் பெயராக ஏற்பதை நிறுத்திவிட்டது. ஹாலண்ட் தம் பாறையை எந்தச் சொல்லால் வரையறுத்தாரோ அந்தச் சொல் அதிகாரப் பட்டியலில் இல்லை. கல்லறைக்காரரின் பெயர் இருக்கிறது. தன்மையைச் சொல்லும் பெயர், அறிவு திருந்தும்போது திருத்தத்துக்கு உள்ளாகிறது. யாரோ ஒருவரின் பெயர் பாறையைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்பதால் அதை மறுக்கவும் இடமில்லை.

பாறை எப்படி உண்டானது என்ற கருத்தும் இதற்குள் புரண்டுவிட்டது. ஹாலண்டுக்கு அது பாறைக்குழம்பிலிருந்து இறுகிய தீப்பாறை. 1959-இல் ஏ. பி. சுப்பிரமணியம் சென்னைப் பகுதியையே மறுபடி ஆராய்ந்து, ஹாலண்ட் ஒரே குடும்பம் என்றதில் சிலிக்கா மிகுந்தவை மட்டுமே உண்மையான சார்னோக்கைட், கருமை மிகுந்தவை வேறு வகையைச் சேர்ந்தவை என்று பிரித்துக் காட்டினார். பெயர் பிறந்த குன்றிலேயே பெயரின் எல்லை சுருங்கியது.

அடுத்த ஆண்டு புவியியலாளர் பிச்சமுத்து கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் கண்டது இன்னும் பெரியது. அங்கே சாம்பல் நிற நைஸ் பாறையில் வரிகள் ஓடுகின்றன. விரிசல்களை ஒட்டி அந்த வரிகள் மங்கி, பாறை திட்டுத் திட்டாகக் கரும்பச்சையாகி, எண்ணெய் மினுக்குப் பெறுகிறது. ஒரே பாறை, ஒரு கை அகலத்தில் நைஸாக இருந்து சார்னோக்கைட்டாக மாறிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. பூமியின் ஆழத்தில் கரியமில வாயு மிகுந்த பாய்மம் விரிசல் வழியே ஏறி, நைஸில் இருந்த நீரை விரட்டி, மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் இருந்த இடத்தில் வறண்ட பைராக்ஸீனை உண்டாக்கியது என்ற விளக்கத்தை 1980-களில் ஜனார்த்தனும் நியூட்டனும் ஹான்சனும் முன்வைத்தார்கள். நடந்தது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இதற்குப் பிறகு ஆய்வுக் கட்டுரைகளில் அந்தப் பெயர் வினையாகவும் வழங்கத் தொடங்கியது. நைஸ் ‘சார்னோக்கைட்டாகிறது’ என்கிறார்கள், ‘சார்னோக்கைட்டாக்கம்’ எந்த வெப்பத்தில் எந்த அழுத்தத்தில் நடந்தது என்று கணக்கிடுகிறார்கள். பாறையியல் வகுப்புகளில் மாணவர்களைக் கப்பல்துர்காவுக்கு அழைத்துப்போவது அந்த வினைச்சொல்லின் பொருளைக் கையால் தொட்டுக் காட்டுவதற்காகத்தான்.